உபகாரச் சம்பளப் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம்?

கேள்வி: தோட்டத்து மாணவி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தைச் சேர்ந்த நான், அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கட்டுமானப் பொறியியல் முதலாண்டில் சேர்ந்திருக்கிறேன். ஓர் அறவாரியம் நான்கு ஆண்டுகளுக்கும் எனக்கு உபகாரச் சம்பளம் வழங்க முன்வந்திருக்கிறது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அவர்களே பல்கலைக்கழகத்திற்கு நேரடியாகச் செலுத்திவிடுவார்கள். அது போக, சாப்பாட்டுக்கும் புத்தகங்களுக்கும் மற்றச் செலவுகளுக்குமாக ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் 4,500 ரிங்கிட் என் வங்கிக் கணக்கில் சேரும். முதல் தொகை சென்ற வாரம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் யாருடைய கணக்கிலும் இவ்வளவு பணம் மொத்தமாக வந்ததில்லை. அப்பா குலை வெட்டும் வேலையில் இருக்கிறார். காய்ப்பு குறையும் மாதங்களிலும் அடைமழைக் காலத்திலும் அவருடைய சம்பளம் பாதியாகிவிடும். நான் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யவும் மடிக்கணினி வாங்கவும் அம்மா தம் சங்கிலியை 2,000 ரிங்கிட்டுக்கு அடகு வைத்தார். மாதம் 2 விழுக்காடு வட்டி, தவணை ஆறு மாதம் என்று எழுதிய அந்தச் சீட்டைச் சாமி மேடையில் குங்குமச் சிமிழுக்கு அடியில் வைத்திருக்கிறார். தம்பி இவ்வாண்டு ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு எழுதுகிறான். அவனுக்கு டியூஷன் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. ஊருக்கும் பல்கலைக்கழகத்திற்கும் போய்வர வசதியாக இருக்கும், மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டிவிடு என்று மாமா சொல்கிறார். உடன் படிக்கும் சிலரோ, பிடிபிடிஎன் எனும் அரசாங்க உயர்கல்விக் கடனையும் சேர்த்து எடுத்துச் சேமிப்பில் போட்டுவைக்கலாம் என்கிறார்கள்.

வந்த பணத்தில் முதலில் சங்கிலியை மீட்டுவிட வேண்டும் என்றுதான் என் மனம் சொல்கிறது. ஆனால் படிப்புக்கென்று கொடுத்த பணத்தை வீட்டுக்குக் கொடுப்பது முறையாகுமா, ஒப்பந்தத்தை மீறியதாகிவிடுமா என்ற அச்சமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பல்கலைக்கழக நிதியுதவிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

முதலில் வாழ்த்துகள், மகளே. பணத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். என் பணிக்காலத்தில் பெரும்பாலான மாணவர்கள் பணம் தீர்ந்த பிறகுதான் எங்கள் அலுவலகக் கதவைத் தட்டினார்கள்.

ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, பின்னிணைப்பையும் விடாமல் வாசியுங்கள். உபகாரச் சம்பளம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பலவகை உண்டு. திருப்பிச் செலுத்தவோ பணி புரியவோ தேவையில்லாத நன்கொடை ஒன்று. படித்து முடித்ததும் வழங்கியவரிடம் குறிப்பிட்ட ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு வருவது இன்னொன்று. மூன்றாவது, தொடக்கத்தில் கடனாகவே கணக்கிடப்பட்டு, பின்னர் எங்கே பணிபுரிகிறோம் என்பதைப் பொறுத்து முழுவதுமாகவோ ஓரளவோ தள்ளுபடியாகும் வகை. பொதுச் சேவைத் துறையான ஜேபிஏ இந்த முறையைப் பின்பற்றும் திட்டங்களை நடத்திவருகிறது. கடிதத்தின் தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும், உள்ளே இருக்கும் நிபந்தனைதான் உங்களைக் கட்டுப்படுத்தும். சராசரிப் புள்ளி எவ்வளவுக்குக் கீழே இறங்கினால் உதவி நிறுத்தப்படும், படிப்பைப் பாதியில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், பாடப்பிரிவை மாற்றினால் யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டவர் உங்கள் அப்பாவாக இருந்தால் அவருக்கும் இவற்றை விளக்கிச் சொல்லுங்கள், ஏனென்றால் நிபந்தனை மீறப்பட்டால் கடிதம் அவருக்கும் போகும்.

செலவைப் பற்றி ஒப்பந்தங்கள் பொதுவாக எப்படிப் பேசும் என்றும் சொல்கிறேன். புத்தகப் படி, கருவிப் படி என்று தனியாகப் பெயரிட்டுக் கொடுத்த தொகையை அதற்கே பயன்படுத்த வேண்டும், ரசீதையும் வைத்திருக்க வேண்டும். வாழ்க்கைச் செலவுப் படி என்று கொடுத்ததில் எதைச் சாப்பிட்டாய், எங்கே போனாய் என்று பொதுவாக அறவாரியங்கள் கேட்பதில்லை. அதிலிருந்து மிச்சம்பிடித்து வீட்டுக்குக் கொடுப்பதை வெளிப்படையாகத் தடை செய்யும் ஒப்பந்தத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இரண்டையும் ஒரே தொகையாகக் கொடுத்திருப்பதால், பிரித்துக் காட்டச் சொல்கிறார்களா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழியாகக் கேட்ட பதில் பின்னாளில் உதவாது.

இப்படிப் பெயரிட்டுக் கொடுக்கும் உதவியைப் பற்றி நினைவுக்கு வருவதைச் சொல்லிவிடுகிறேன். 2012இல் அரசாங்கம் மாணவர்களுக்கு 200 ரிங்கிட் மதிப்புள்ள புத்தகப் பற்றுச்சீட்டு கொடுத்தது. அடுத்த ஆண்டில் அது 250 ரிங்கிட்டானது. அந்தச் சீட்டுகளை முகமதிப்பைவிடக் குறைவான விலைக்கு விற்றுக் காசாக்கிக்கொண்ட மாணவர்கள் பலர், அப்போது நாளிதழ்களிலும் அது பேசப்பட்டது. அந்த மாணவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், பசியோடு இருப்பவனுக்குப் புத்தகச் சீட்டு சோறாகாது. ஆனாலும் அவசரத்தில் விற்றதால் உதவியின் ஒரு பகுதி இடையில் இருந்தவர் கைக்குப் போனது என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

பிடிபிடிஎன் பற்றிக் கேட்டீர்கள். 1997இல் அமைக்கப்பட்ட அந்தக் கழகம் தருவது கடன். ஆண்டுக்கு 1 விழுக்காடு ஊஜ்ரா எனப்படும் சேவைக் கட்டணத்தோடு திருப்பிச் செலுத்த வேண்டிய பணம். முழு உபகாரச் சம்பளம் பெறுபவருக்கு அதே படிப்புக்கு அந்தக் கடன் கிடையாது. மறைத்து விண்ணப்பித்தால் இரண்டு தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும், உபகாரச் சம்பளமே பறிபோகவும் கூடும். அதை இத்தோடு விட்டுவிடுங்கள். வருமான வரி பற்றி வீட்டில் யாராவது பயமுறுத்தினால் கவலைப்பட வேண்டாம். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் ஆறாவது அட்டவணை, உபகாரச் சம்பளத்திற்கு வரிவிலக்கு அளிக்கிறது.

பதில்: கணக்காளர், ஈப்போ

தங்கைக்கு வணக்கம். நானும் தோட்டத்துப் பிள்ளைதான், உபகாரச் சம்பளத்தில்தான் படித்தேன். ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் கணக்கைச் சொல்கிறேன்.

4,500 ரிங்கிட் பெரிய தொகையாகத் தெரிவதற்குக் காரணம் அது ஒரே நாளில் வந்ததுதான். ஒரு பருவத்தில் 14 வாரம் விரிவுரை, இடையில் ஒரு வார விடுமுறை, பிறகு மீள்பார்வை வாரமும் தேர்வு வாரங்களும் என்று ஏறக்குறைய 19 வாரங்கள் ஆகும். உங்கள் துறைக்குப் பாதுகாப்புக் காலணி, தலைக்கவசம், அறிவியல் கணிப்பான், பாடநூல்கள் ஆகியவற்றுக்கு முதல் பருவத்தில் 600 ரிங்கிட் ஒதுக்குங்கள். சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 18 ரிங்கிட் என்று வைத்தால் வாரத்திற்கு 126, 19 வாரத்திற்கு 2,394. பேருந்து, தொலைபேசி, துணி துவைப்பது, அச்சடிப்பது எல்லாம் சேர்த்து வாரத்திற்கு 35 என்றால் 665. மொத்தம் 3,659 ரிங்கிட். கையில் நிற்பது 841.

இப்போது சங்கிலியை எடுத்துக்கொள்வோம். இதுவரை ஏறிய வட்டியைச் சேர்க்காமல், இன்றே 2,000 கொடுத்து மீட்டால் உங்களிடம் 2,500 இருக்கும். கருவிகளுக்கான 600 போனால் மீதி 1,900. வாரத்திற்கு 100 ரிங்கிட்; சாப்பாடு, பேருந்து, அச்சடிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளுக்கு 14 ரிங்கிட்டும் சில காசும். பத்தாவது வாரம் வரை சமாளிப்பீர்கள். அதன் பிறகுதான் ஒப்படைப்புகளும் தேர்வும் ஒன்றாக வரும், அந்த நேரத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாக மெகி மீ தின்றுகொண்டு கட்டமைப்புப் பகுப்பாய்வு படிக்க முடியாது. உங்கள் புள்ளி இறங்கி உதவி நின்றால், நான்காண்டுப் பணத்தையும் ஒரு சங்கிலிக்காகப் பணயம் வைத்ததாக ஆகும். மீட்காமல் விட்டால் ஏற்படும் இழப்பு மாதம் 40 ரிங்கிட் வட்டி, ஐந்து மாதத்திற்கு 200. ஆகவே இந்தப் பருவத்தில் மீட்க வேண்டாம் என்பதே என் கருத்து. 841 ரிங்கிட்டில் 500ஐத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். மீதி 341இல் வட்டியைக் கட்டிவிட்டு, எஞ்சியதை அசலில் கழியுங்கள்.

அந்த 500 எதற்கு என்று கேட்பீர்கள். பொறியியல் மாணவர்கள் தொழிற்பயிற்சிக்குப் போக வேண்டும். பொறியியல் அங்கீகார மன்றத்தின் விதிப்படி குறைந்தது 8 வாரம், பல பல்கலைக்கழகங்களில் அதைவிட அதிகம். அந்நேரத்தில் விடுதி இருக்காது. கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ பயிற்சி கிடைத்தால் அறை வாடகைக்கு முன்னதாகவே இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகவும், முதல் மாத வாடகையைத் தனியாகவும் கேட்பார்கள். பயிற்சிக்கால உதவித்தொகை தரும் நிறுவனங்கள் மாத இறுதியில்தான் தரும், தராத நிறுவனங்களும் உண்டு. கையில் காசு இல்லாததால் நல்ல கட்டுமானக் குத்தகை நிறுவனத்தில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, வீட்டுக்கு அருகில் கிடைத்த ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்கிய தோட்டத்துப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். முதல் வேலை பெரும்பாலும் அந்தப் பயிற்சியிலிருந்துதான் பிறக்கிறது. இந்தச் செலவை உபகாரச் சம்பளம் வழங்குபவர்கள் கூட மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வாங்கத் தேவையில்லாதவற்றையும் சொல்கிறேன். ஆட்டோகேட் மென்பொருளை ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறது, மாணவர் என்பதை உறுதிப்படுத்தினால் போதும். மைக்ரோசாஃப்ட் 365க்கும் பெரும்பாலும் பல்கலைக்கழகமே உரிமம் வைத்திருக்கும். பாடநூலை முதல் இரண்டு வாரம் நூலகத்தில் பார்த்துவிட்டு, விரிவுரையாளர் உண்மையில் அதிலிருந்து நடத்துகிறாரா என்று தெரிந்த பிறகு மூத்த மாணவர்களிடம் பழைய பிரதியாக வாங்குங்கள். 2023 ஜனவரியில் தொடங்கிய ரஹ்மா உணவுத் திட்டத்தில் 5 ரிங்கிட்டுக்கு ஒருவேளைச் சாப்பாடு தரும் கடைகள் உண்டு, உங்கள் வளாகத்தின் அருகில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மோட்டார் சைக்கிள் வேண்டாம். மாதத் தவணை, சாலை வரி, காப்புறுதி, எண்ணெய் என்று அது மாதந்தோறும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். முதலாண்டு மாணவர்களின் வாகனத்தை வளாகத்திற்குள் விடாத பல்கலைக்கழகங்களும் உள்ளன.

பதில்: ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சுங்கை சிப்புட்

கணக்காளர் தம்பியின் கணக்கில் பிழை இல்லை. என்றாலும் ஒன்றை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அந்தச் சங்கிலி வீட்டுச் செலவுக்காக அடகுக்குப் போகவில்லை. பதிவுக் கட்டணத்திற்கும் மடிக்கணினிக்கும் போனது. இரண்டும் படிப்புச் செலவு. அறவாரியத்தின் பணம் ஆறு வாரம் முன்னதாக வந்திருந்தால் அதிலிருந்தே அந்த மடிக்கணினியை வாங்கியிருப்பார்கள். ஆகையால் சங்கிலிக்குக் கொடுக்கும் பணத்தை வீட்டுக்குக் கொடுத்த பணமாகக் கருதி இந்தப் பெண் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. மடிக்கணினியின் ரசீது இருந்தால் அதையும் பதிவுக் கட்டண ரசீதையும் இணைத்து, இதை இந்தப் பருவத்தின் கருவிச் செலவாக ஏற்றுக்கொள்வீர்களா என்று அறவாரியத்திடமே கேட்கலாம். சில அறவாரியங்களில் மடிக்கணினிக்கென்று தனி உதவியே இருக்கிறது. கேட்பவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது. நம் பிள்ளைகள் வாய்திறந்து கேட்கத் தயங்குவார்கள், அது எனக்கு வகுப்பறையிலிருந்தே தெரியும்.

தம்பியின் டியூஷனை அக்காளின் தலையில் வைக்க வேண்டாம். 1982 முதல் நம் மாணவர்களுக்காக இயங்கிவரும் ஸ்ரீ முருகன் நிலையத்தைப் போன்ற அமைப்புகள் குறைந்த கட்டணத்தில் வகுப்பு நடத்துகின்றன. எஸ்பிஎம்முக்கு இன்னும் சில மாதங்களே இருப்பதால் எல்லாப் பாடத்திற்கும் டியூஷன் தேவையில்லை. அவன் தடுமாறும் இரண்டு பாடங்களுக்கு மட்டும் போகட்டும். கணிதத்தைப் பள்ளி விடுமுறையில் அக்காளே சொல்லிக்கொடுக்கலாம், அதற்குக் காசு தேவையில்லை.

இன்னொன்றும் விசாரிக்க வேண்டும். உங்கள் தாத்தாவோ பாட்டியோ தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வைத்திருந்தார்களா? துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம் அது. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தவர்கள் நம் வட்டாரத்தில் ஏராளம். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குச் சங்கம் கல்வி உதவி வழங்குகிறது. பல வீடுகளில் அந்தப் பங்குப் பத்திரம் பாட்டியின் தகரப் பெட்டியில் கிடக்கிறது, அவர் காலமான பிறகு வாரிசு பெயருக்கு மாற்றாமலே விட்டிருப்பார்கள். உங்கள் பெற்றோர் அதைத் தேடிப் பார்த்துச் சங்க அலுவலகத்தில் கேட்கட்டும். விண்ணப்பிக்கும்போது அறவாரியத்தின் உதவியையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும்.

பதில்: இரு பிள்ளைகளின் தாய், கோலகங்சார்

மகளே, அம்மாவின் இடத்திலிருந்து ஒரு வார்த்தை. என் மகனும் இப்படி முதல் பணம் வந்தவுடன் வளையலை மீட்கிறேன் என்று நின்றான். எனக்கு அந்த வளையலைவிட, அவன் அங்கே மூன்று வேளையும் சாப்பிடுகிறானா என்பதுதான் கவலையாக இருந்தது. உங்கள் அம்மாவிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் உட்கார்ந்து விளக்குங்கள். என்ன வந்தது, எதற்கு எவ்வளவு போகும், வீட்டுக்கு எவ்வளவு தர முடியும் என்று தெரிந்துவிட்டால் எந்தத் தாயும் அதற்கு மேல் கேட்க மாட்டாள். தெரியாமல் இருந்தால்தான் உறவினர் ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்வார்கள். தொகை எவ்வளவு என்று வெளியில் யாருக்கும் சொல்ல வேண்டாம். வங்கி அட்டையையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கணக்கை இரவல் கேட்டு மோசடிப் பணத்தை அதில் ஓட்டும் கும்பல்கள் மாணவர்களைத்தான் தேடிவருகின்றன, சட்டத்தின் முன் மாட்டுவது கணக்குக்கு உரியவர்தான்.

பதில்: தோட்டத்து மாணவி, சுங்கை சிப்புட்

பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்தேன். பணிக்கட்டுப்பாடு இல்லை; ஆனால் சராசரிப் புள்ளி 3.00க்குக் கீழே இரண்டு பருவம் தொடர்ந்து போனால் உதவி நிற்கும் என்று எழுதியிருக்கிறது. ஆசிரியர் ஐயா சொன்னபடி ரசீதுகளை இணைத்து அறவாரியத்திற்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதிவுக் கட்டணத்தையும் மடிக்கணினியையும் படிப்புச் செலவாக ஏற்றுக்கொள்வதாகவும், ஆனால் அதற்கெனக் கூடுதல் தொகை இல்லை என்றும், கையிலிருக்கும் 4,500க்குள்ளேயே சமாளிக்க வேண்டும் என்றும் பதில் வந்திருக்கிறது. அப்பாவும் அம்மாவும் கணக்கைப் பார்த்தார்கள். இப்போது முழுவதுமாக மீட்க வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். மோட்டார் பேச்சையும் அப்பா மாமாவிடம் முடித்துவிட்டார். பாட்டியின் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். சங்கிலி அடுத்த பருவம் வரையாவது அடகில் இருக்கப் போகிறது என்றால், வட்டியைக் குறைக்க வழி உண்டா?

பதில்: கணக்காளர், ஈப்போ

வழி உண்டு, தங்கையே. ஒன்று, ஆறு மாதத் தவணை முடிவதற்குள் இருக்கும் கடையிலேயே வட்டியைக் கட்டி, அசலில் ஒரு பகுதியையும் செலுத்திச் சீட்டைப் புதுப்பிப்பது. 341 ரிங்கிட்டில் ஐந்து மாத வட்டி 200 போக 141ஐ அசலில் கழித்தால், புதிய சீட்டு 1,859 ரிங்கிட்டுக்கு எழுதப்படும். மாத வட்டி 37 ரிங்கிட்டுச் சொச்சமாகக் குறையும். மற்றொன்று, அர்-ரஹ்னு எனப்படும் இஸ்லாமிய அடகு முறைக்கு மாற்றுவது. அது எல்லா இனத்தவருக்கும் திறந்திருக்கிறது, வட்டிக்குப் பதிலாக நகையைப் பாதுகாக்கும் கட்டணம் வாங்குகிறார்கள், அது பெரும்பாலும் சாதாரண அடகுக் கடையின் வட்டியைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் பழைய கடையில் நகையை மீட்ட பிறகுதான் அங்கே வைக்க முடியும் என்பதால், ஒருநாளைக்கு முழுத் தொகையும் கையில் இருக்க வேண்டும். உங்கள் கணக்கில் இப்போது பணம் இருக்கிறது. காலையில் எடுத்து மீட்டு, அன்றே அர்-ரஹ்னுவில் வைத்துப் பணத்தைத் திரும்பக் கணக்கில் போட்டுவிடலாம். அதற்கு முன்னால் அவர்கள் சங்கிலிக்கு எவ்வளவு கொடுப்பார்கள், மாதக் கட்டணம் எவ்வளவு என்று நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2,000க்குக் குறைவாகச் சொன்னால் மாற்ற வேண்டாம். சீட்டு அம்மாவின் பெயரில் இருப்பதால், இரண்டு இடத்திற்கும் அவரே அடையாள அட்டையோடு வர வேண்டும்.